நாற்பத்தேழாம் எண்

“வாயில என்ன வச்சிருக்கே?”

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னைக் கேட்டது இது. கரும்பலகையில் இருந்த கணக்குக்கு விடை எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். விடை தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. டீச்சர் இரண்டு முறை விடையைக் கேட்டார். மூன்றாவது முறை பக்கத்தில் வந்து, பல் பார்க்கிற டாக்டர் போலக் குனிந்து, அந்தக் கேள்வியைக் கேட்டார். வகுப்பே சிரித்தது. காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன். சொல்வதற்கு வலி எதுவும் மிச்சமில்லாமல் போனபோது வீட்டில் கேட்பதையும் விட்டிருந்தார்கள்.

அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு நோட்டில் ஒரு பக்கம் எழுதிவைத்தேன். யாருக்கும் காட்டவில்லை. அந்தத் தாளின் மறுபக்கம் காலியாகவே கிடந்தது. மூன்று வருடம் கழித்து அதற்கு ஒரு வேலை வந்தது.

அக்காவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரிப்போர்ட் பிரிவில் வேலை கிடைத்தது. மெஷின் தரும் அளவுகளைச் சரிபார்த்து, நோயாளியின் பெயரோடு சேர்த்து, டாக்டருக்கு அனுப்ப வேண்டும். திங்கள், புதன், வெள்ளி அலுவலகம். செவ்வாய், வியாழன் வீட்டிலிருந்தே வேலை. முதல் ஆறு மாதம் தற்காலிகம். ஆறு மாதம் முடிகிற அன்று பெரிய மேடம் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். அக்கா நிரந்தரமானால் அம்மா பேக்கரி வேலையை விட்டுவிடலாம் என்று பேச்சு. அம்மா அங்கே அடுப்படியில் ஒன்பது மணி நேரம் நிற்கிறாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிடுவாள். “உங்க அக்கா நிரந்தரமாகட்டும், அப்புறம் இந்தக் கால் ரெண்டையும் கழுவித் துடைச்சு அலமாரியில வச்சுடறேன்” என்பாள்.

வேலையோடு ஒரு லேப்டாப்பும் வந்தது. அதில் வைஃபையைப் பூட்டிவைத்திருந்தார்கள். நோயாளிகளின் விவரம் காற்றில் போகக் கூடாதாம். அலுவலகத்திலும் வீட்டிலும் ஒயரைச் செருகித்தான் வேலை செய்ய வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தவரை அலுவலகத்தில் எல்லாரும் அவர் முதுகுக்குப் பின்னால் கம்பி என்று கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. தோளில் எப்போதும் ஒரு ஒயர்ச் சுருள் தொங்கும். சாப்பிட உட்காரும்போது கூட அதைக் கழற்ற மாட்டார் என்று அக்கா சொல்வாள்.

அலுவலகத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு, தெருவில் வீட்டு எண் மாதிரி. முன்னால் வரும் எண்கள் எல்லாருக்கும் ஒன்றுதான், அது தெரு. கடைசி எண் ஆளுக்கொன்று, அது வீடு. அக்காவுக்கு நாற்பத்தேழு. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் இன்டர்நெட் பெட்டி வேறு தெரு. அது தானே எண் கொடுத்துக்கொள்ளும், நாம் ‘தானாக’ என்று வைத்துவிட்டால் போதும். அலுவலக எண்ணோடு வீட்டில் திறந்தால் ஒன்றும் வராது. ‘தானாக’ என்று வைத்து அலுவலகத்தில் திறந்தாலும் ஒன்றும் வராது. இதுபோக ப்ராக்ஸி என்று ஒன்று, வாசல் காவல்காரன் மாதிரி. அலுவலகத்தில் அவனைக் கேட்டுத்தான் வெளியே போக வேண்டும். வீட்டில் அவனை அணைத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் கம்பி முதல் வாரத்தில் அக்காவுக்கு ஒரே மூச்சில் காட்டிக்கொடுத்து, எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “அவ்வளவுதான்” என்றிருக்கிறார்.

“அவர் சொன்னதுல எனக்கு அந்த அவ்வளவுதான் மட்டும்தான்டி புரிஞ்சது” என்று அக்கா வீட்டுக்கு வந்து லேப்டாப்பின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். மறுநாள் வீட்டிலிருந்து அவளுடைய முதல் வேலை நாள். எதைத் திறந்தாலும் வெறும் வெள்ளைத் திரை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் உட்கார்ந்து பார்த்தேன். கம்பியின் தாளை நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். எதுவும் என்னைப் பார்த்து “சொல்லு, சீக்கிரம் சொல்லு” என்று அவசரப்படுத்தவில்லை. அரைமணி நேரத்தில் பக்கம் திறந்தது. அக்கா துண்டோடு ஓடி வந்து என் உச்சந்தலையில் முத்தம் வைத்தாள். “அடி பூனை! சத்தமே போடாம சாதிச்சுட்டியே!” நான் நடக்கிற சத்தம் யார் காதிலும் விழாது என்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் பூனை.

செய்த வரிசையை மறக்காமல் இருக்க எழுதிவைத்தேன். கைக்கு அகப்பட்டது அந்த நோட்டு. டீச்சரின் கேள்வி இருந்த தாளின் காலிப் பக்கம். தலைப்பு: ‘கம்பி சொன்னபடி’. கீழே ஒவ்வொரு கட்டத்தையும் படமாக வரைந்து, எண்களை நிரப்பினேன். எண் போடும் நான்கு பெட்டிகளில் கடைசியில் நாற்பத்தேழு.

அன்றிலிருந்து அது என் வேலை. காலை ஏழேகாலுக்கு அக்கா பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுத் தலை சீவப் போவாள். அவள் பின்னல் முடிய ஏழு நிமிடம். அதற்குள் நான் எண்களைப் போட்டு, காவல்காரனை எழுப்பி, மூடிவைத்துவிடுவேன். சாயங்காலம் வந்ததும் ‘தானாக’ என்று அழுத்துவேன். அழுத்தினால் பெட்டிகளில் இருக்கும் எண்கள் தாமாகவே மறைந்துவிடும். மறைகிற எண்ணை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. காலையில் மறுபடி போடுவதற்கு நோட்டையும் பார்ப்பதில்லை. விரலுக்கே தெரியும்.

இது தப்பு என்று எங்களுக்குத் தெரியும். லேப்டாப்பை வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் வேலை போகும் என்று அக்கா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். “நாளைக்கு நானே கத்துக்கறேன்” என்று முதல் வாரம் தினமும் சொன்னாள். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை சொன்னாள். அங்கே கம்பியோ மற்றவர்களிடம், “அந்தப் பொண்ணைப் பாருங்க, ஒரு தடவைதான் காட்டினேன். ஒருநாள் கூட என்னைக் கூப்பிட்டதில்ல” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் எங்கே கற்றுக்கொள்வது?

ஆறு மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிற வாரம். திங்கட்கிழமை அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள்.

“இன்னைக்கு எங்க ஆபீஸ்ல கூத்து. போன வாரம்தான் புது மெஷின் வந்துச்சு. ரத்தத்தை அதுல வச்சா தானே பார்த்து அளவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். காலைல எட்டே முக்காலுக்கு ஆன் பண்றாங்க, இணைப்பு இல்லைங்குது. கம்பி வந்து ஒயரை மாத்துறார், இணைப்பு இல்லை. இன்னொரு ஒயர், இணைப்பு இல்லை. பதினோரு மணிக்கு மேல தானா வந்துடுச்சு. அதுக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கணுமே, அவர்தான் சரி பண்ணின மாதிரி!”

செவ்வாய்க்கிழமை மெஷின் ஒழுங்காக ஓடியதாம். அன்று அக்கா வீட்டில் இருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் சிரிக்கவில்லை.

“இன்னைக்கும் நின்னுடுச்சு. கையால எழுதி கையால டைப் பண்ணினதுல ரெண்டு பேரோடது மாறிப்போச்சு. ஒரு குழந்தையைத் திரும்பக் கூட்டிட்டு வரச்சொல்லி மறுபடியும் ஊசி குத்தினாங்க. நாலு வயசுடி. கட்டடமே அதிர அழுதுச்சு. பெரிய மேடம் கீழே இறங்கி வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க, இது ஆளால வந்த கோளாறுன்னு தெரிஞ்சா அந்த ஆள் அடுத்த வாரம் வர வேண்டியதில்லன்னு.”

“எத்தனை மணிக்கு சரியாச்சு?” என்று கேட்டேன்.

“அதே பதினோரு மணி.”

“பதினோரு மணிக்கு நீ என்ன பண்ணுவே?”

“கீழே கவுன்ட்டர் டியூட்டி. லேப்டாப்பை மூடி வச்சுட்டு இறங்கிடுவேன். ரெண்டு மணி நேரம். திரும்பி மேல வந்தா எனக்கே நெட் வரல. கம்பி எல்லாத்தையும் கலைச்சுப் போட்டிருக்கார், அவரைப் போய் கேட்டா கடிச்சே தின்னுடுவார்னு கீழேயே ஒரு கம்ப்யூட்டர்ல உக்காந்துக்கிட்டேன்.” சட்டென்று என்னைப் பார்த்தாள். “ஏன் கேக்கறே?”

“ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லை என்று சொன்னேனே தவிர, விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தேன். அக்கா போகிற நாளில் நிற்கிறது. போகாத நாளில் ஓடுகிறது. அவள் மூடினால் வருகிறது.

வியாழக்கிழமை. அக்கா முன்னறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய டிபன் பையைத் துவைக்க எடுத்தேன். பக்கத்து ஜிப்பில் இரண்டு ஹேர்பின், ஒரு பஸ் டிக்கெட், நான்காக மடித்த ஒரு சீட்டு. பிரித்தேன். கம்பியின் கையெழுத்து. முதல் நாள் தாளில் பார்த்துப் பழகிய அதே குச்சி எழுத்து.

‘ரிப்போர்ட் பிரிவு. பழையது 47, இனி கிடையாது. புதியது 82.’ மேலே போன வெள்ளிக்கிழமைத் தேதி.

சீட்டை ஈரக்கையோடு எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் பார்த்தாள்.

“ஆமா, வெள்ளிக்கிழமை குடுத்தார். எல்லாருக்கும் குடுத்தார். புது மெஷினுக்காக நம்பர்லாம் மாத்தறாராம். என் லேப்டாப்ல அவரே உக்காந்து மாத்திட்டாரே?”

“சாயங்காலம் நான் ‘தானாக’ன்னு வச்சேன். அது போயிடுச்சு. திங்கக்கிழமை நான் போட்டது நாப்பத்தேழு.”

அக்காவுக்கு உடனே புரியவில்லை. நான் சொன்னேன். நீ எட்டு மணிக்கே போய் லேப்டாப்பைத் திறக்கிறாய். நாற்பத்தேழாம் எண் வீட்டுக்குள் முதலில் நீ போய் உட்கார்ந்துகொள்கிறாய். எட்டே முக்காலுக்கு மெஷின் எழுந்து அதே வீட்டுக்கு வருகிறது. உள்ளே ஆள் இருக்கிறது.

“அப்ப அந்த நம்பரை…”

“மெஷினுக்குக் குடுத்திருக்கார்.”

அக்காவின் உதடு வெளுத்தது. “அந்தக் குழந்தை…” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

பிறகு அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், யாரோ ஒட்டுக்கேட்பது போல. “சரி. நாளைக்கு எண்பத்திரண்டு போட்டுடு. மெஷின் நிக்காது. எதனால நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியப்போறதில்ல. நாளைக்குத்தான் கையெழுத்து. புரியுதா? வாயைத் திறக்காதே.”

“நான் எப்ப திறந்தேன்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போன் அடித்தது. அக்கா எடுத்துக் காதில் வைத்தாள். “சார்… ஆமா சார், வீட்லதான்… இப்பவா?” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

“கம்பி. தெருமுனையில நிக்கிறார். வீட்டு நம்பர் கேக்கறார்.”

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். புதியவர்கள் வந்தால் நான் இருக்கும் இடம் அதுதான். கதவு கிடையாது, ஒரு திரை மட்டும். திரைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் அகல இடைவெளி. அதில் மேசையும் லேப்டாப்பும் நன்றாகத் தெரியும்.

கம்பி உள்ளே வந்தார். நான் நினைத்திருந்ததை விட வயதானவர். தோளில் ஒயர்ச் சுருள் இருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்கார நேரமில்லம்மா. ரெண்டு நாள் மெஷினுக்கு ஒயர் ஒயரா மாத்தி முட்டாளானேன். இன்னைக்கு அது பாட்டுக்கு ஓடுது. ஏன் ஓடுதுன்னு உக்காந்து யோசிச்சேன். இருபத்திரெண்டு கம்ப்யூட்டரும் பார்த்தாச்சு. கட்டடத்துல இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்.” லேப்டாப்பைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை உங்களுக்கு நான் குடுத்த நம்பர் என்ன?”

“எண்பத்திரண்டு சார்.” டக்கென்று சொன்னாள்.

“திங்கள், புதன் எது போட்டீங்க?”

“அதேதான் சார்.”

கம்பி தலையசைத்தார். “நல்லது. அப்ப மெஷின் ஏன் நின்னுச்சுன்னு நான் வேற இடத்துல தேடணும். ஒரு சின்ன வேலை. இப்ப இது வீட்டு நிலைமையில இருக்கு இல்லையா? நாளைக்கு ஆபீஸ் வரும்போது எப்படி மாத்துவீங்களோ அப்படி மாத்திக் காட்டுங்க. பார்த்துட்டுப் போயிடறேன்.”

என் கையில் ஒரு தட்டு இருந்தது. அதை எதன் மேலும் படாமல் கீழே வைத்தேன்.

அக்கா உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி திரையில் ஒரு சுற்றுச் சுற்றியது. முதலில் ஒலி வைக்கும் இடத்தைத் திறந்தாள், மூடினாள். அடுத்தது ப்ளூடூத். “கை நடுங்குது சார்” என்று சிரித்தாள்.

“ஆறு மாசமா தினமும் ரெண்டு தடவை பண்றீங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் கை பண்ணுமேம்மா.”

“நீங்க பக்கத்துல நிக்கறீங்களா, அதான்.”

கம்பி இரண்டடி பின்னால் போனார். இப்போது அவர் முதுகு சமையலறைத் திரைக்கு அருகே, என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒயர்ச் சுருளின் ரப்பர் வாசம் வந்தது. அக்கா எப்படியோ நெட்வொர்க் பக்கத்துக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து மேலே உள்ள இரண்டாவது வரி. மேலே, அக்கா, மேலே. திரைத் துணியைப் பிடித்திருந்த என் விரல் தானாக அழுத்தியது. அவள் கீழே போனாள். இன்னும் கீழே. பக்கத்தின் அடியில் தனியாக ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் எல்லா ஏற்பாட்டையும் துடைத்துவிட்டு, லேப்டாப்பைப் புதிதாக வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். என் நோட்டில் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் மூன்று வட்டம் போட்டிருந்தேன். அம்புக்குறி அதன் மேல் போய் நின்றது. அழுத்தினாள். நிச்சயமா என்று லேப்டாப் கேட்டது. அவளுடைய ஆள்காட்டி விரல் மறுபடி உயர்ந்தது.

“அது வேண்டாம்க்கா!”

அது என் குரல் என்று எனக்குத் தெரிய ஒரு கணம் ஆனது.

கம்பி திரும்பினார். திரையை விலக்கினார். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லை.

“தங்கச்சி சார்” என்று அக்கா எழுந்தாள். “வீட்லயே இருக்கா. வெளி ஆளுங்ககிட்டப் பேச மாட்டா.”

“இப்பப் பேசினாளே.” என்னிடமிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “எது வேண்டாம்?”

நான் தரையைப் பார்த்தேன்.

“அதை அழுத்தக் கூடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா ஏதோ சொல்லியிருக்கா சார். அவ இதைத் தொட்டதே இல்ல” என்றாள் அக்கா.

கம்பி அவள் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கூடத் தேவலாம் போல இருந்தது. “அப்ப நான் இப்படி எடுத்துக்கறேன்மா. சீட்டு குடுத்தேன், வாங்கிக்கிட்டேன்னு நீங்க கையெழுத்துப் போட்டீங்க. அப்புறமும் பழசையே போட்டீங்க. ஒரு தடவைன்னா மறதி. ரெண்டாவது தடவையும்னா? இப்ப மாத்தத் தெரியாத மாதிரி வேற காட்டறீங்க. மேடம்கிட்ட நான் என்னன்னு சொல்ல? வேணும்னே செஞ்சாங்கன்னா?”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பேசாதே என்றது அந்தப் பார்வை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். நான் பேசாமல் இருந்தால் யாரும் என்னை எதுவும் செய்ய முடியாது. பேசாமல் இருந்தால் அக்கா போய்விடுவாள், அம்மா நின்றுகொண்டே இருப்பாள். பேசினாலும் அக்கா போகலாம். தொண்டையில் அதே இடத்தில், அன்று விடை உட்கார்ந்திருந்த அதே இடத்தில், ஏதோ வந்து உட்கார்ந்தது. வாயில என்ன வச்சிருக்கே?

“நாப்பத்தேழு” என்றேன்.

“என்ன?”

“நான்தான் போட்டேன். நாப்பத்தேழு. அக்காவுக்கு மாத்தத் தெரியாது. தினமும் நான்தான் மாத்துவேன். நீங்க வெள்ளிக்கிழமை மாத்தினது எனக்குத் தெரியாது. சீட்டு டிபன் பையில இருந்துச்சு. இன்னைக்குத்தான் பார்த்தேன். அந்தக் குழந்தைக்கு ரெண்டாவது தடவை குத்தினது என்னாலதான்.”

ஒரே மூச்சில் வந்துவிட்டது. மூச்சு முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கம்பி லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். 

“ரிப்போர்ட் எதையாவது திறந்து படிச்சிருக்கியா? பேரு, வியாதி, எதையாவது?”

“இல்ல.”

“நான் நம்பணுமா?”

“அக்கா தலை பின்ன ஏழு நிமிஷம்தான் ஆகும். எல்லாப் பெட்டியையும் ரொப்பி ப்ராக்ஸி போட ஆறு நிமிஷம்.”

“மிச்சம் ஒரு நிமிஷம்?”

“சரியா இருக்கான்னு மறுபடி பார்ப்பேன்.”

அவர் வாயின் ஓரம் அசைந்தது போல இருந்தது, இல்லாமலும் இருக்கலாம். “யாரு சொல்லிக் குடுத்தா?”

நோட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து, மற்றதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். பிறகு தலைப்புக்கு வந்தார்.

“கம்பி சொன்னபடி” என்று படித்தார்.

அக்கா முகத்திலிருந்து கையை எடுக்காமலே, “சார்… அது ஆபீஸ்ல எல்லாரும்…” என்றாள்.

“தெரியும்மா. பதினஞ்சு வருஷமா தெரியும்.” நிமிர்ந்தார். என்னிடம், “கையைப் பின்னாடி கட்டு” என்றார்.

வகுப்பில் தண்டனை கொடுப்பது போல இருந்தது. கட்டினேன்.

“நீங்க உக்காருங்கம்மா. மவுஸை எடுங்க. இவ சொல்லணும், நீங்க செய்யணும். இவ விரல் அதுல பட்டுச்சுன்னா நான் இப்பவே போனை எடுப்பேன்.”

அக்கா உட்கார்ந்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்தேன்.

“மேல… ரெண்டாவது வரி.”

“கேக்கல” என்றார் கம்பி.

“மேல ரெண்டாவது வரி! அதுல மாற்றுன்னு இருக்கும். அதை அழுத்து. இல்லக்கா, அது இல்ல, பக்கத்துல. ‘தானாக’ங்கற புள்ளியை எடுத்துட்டு அடுத்ததுல வை. இப்பப் பெட்டி நாலும் வெள்ளையா வரும்.”

“வந்துச்சு.”

“முதல் மூணும் சொல்றேன், போடு. நாலாவது…” நாற்பத்தேழு என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். “நாலாவது எண்பத்திரண்டு.”

அக்காவின் விரல் எட்டைத் தேடிக் கண்டுபிடித்தது, இரண்டைத் தேடிக் கண்டுபிடித்தது. ஆறு நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆனது. முடிந்ததும் கம்பி, “இப்ப வீட்டுக்குத் திருப்புங்க” என்றார். திருப்பினாள். “மறுபடி ஆபீஸ்.” இந்தத் தடவை நான் இரண்டு இடத்தில்தான் பேச வேண்டியிருந்தது. “மறுபடி வீடு. மறுபடி ஆபீஸ்.” மூன்றாவது தடவை நான் பேசவே இல்லை. கட்டிய கைகள் பின்னால் மரத்துப்போயிருந்தன. அக்காவின் கழுத்து வேர்த்து, பின்னல் முதுகோடு ஒட்டியிருந்தது. கம்பி குனிந்து பெட்டிகளைப் படித்தார். எண்பத்திரண்டில் விரலை வைத்து எடுத்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். எடுத்தார்.

“சொல்லுங்க மேடம்… ஆமா, கண்டுபிடிச்சுட்டேன். ரெண்டுக்கு ஒரே நம்பர் ஆயிடுச்சு. ரிப்போர்ட் பிரிவு லேப்டாப்… ஆமா, அவங்களோடதுதான்.”

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் அழுந்தியது.

“வெள்ளிக்கிழமை நான் மாத்திக் குடுத்தேன் மேடம். வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போது அது என்ன ஆகும்னு நான் கேட்டிருக்கணும். சீட்டைக் குடுத்துட்டு என் வேலை முடிஞ்சுதுன்னு போயிட்டேன்… வேற யாராவதா?” அவர் என்னைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. “நாளையிலிருந்து இதை அவங்களைத் தவிர யாரும் தொட மாட்டாங்க மேடம். இப்ப என் கண்ணு முன்னாடி அவங்களே மூணு தடவை மாத்தினாங்க… கையெழுத்தா? அது உங்க இஷ்டம். என் பக்கத்துல தடை ஒண்ணும் இல்ல.”

போனைச் சட்டைப்பையில் போட்டார். அக்கா நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார். மேசை மேல் இருந்த என் நோட்டை எடுத்தார். அந்தத் தாளைத் தையலோடு பிடித்து, மற்றவை நகராமல், மெதுவாகக் கிழித்தார். அலுவலகத்தின் எண்கள் வெளியே இருக்கக் கூடாது. எனக்குப் புரிந்தது. நான் தடுக்கவில்லை.

மடிக்கப் போனவர் மறுபக்கத்தில் எழுத்து இருப்பதைப் பார்த்துத் திருப்பினார். முதல் வரியைப் படித்தார். நின்றுகொண்டே அடுத்த வரிக்குப் போனார். அவர் கண் வரிவரியாகக் கீழே இறங்குவதை நான் பார்த்தேன். அந்தப் பக்கம் என் ஒன்பதாம் வகுப்பு. அக்கா கூட அதைப் படித்ததில்லை.

கடைசி வரிக்கு வந்ததும் என்னை ஒருமுறை பார்த்தார். அந்த வகுப்பைப் போல அவர் சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். தோளில் இருந்து நழுவிய ஒயர்ச் சுருளை மேலே ஏற்றிக்கொண்டு, கதவைத் திறந்து, படியிறங்கிப் போனார்.